அந்நியன் விலை

பண்டமாரான் பக்கம் இருந்த நாற்பது ஏக்கர் ரப்பர் தோட்டம் ஒன்றில், சீட்டு உருட்டும் மெஷினின் உருளை ஓரிடத்தில் உடைந்திருந்தது. மரத்தில் வெட்டி எடுத்த பாலைத் தட்டில் உறைய வைத்து, உறைந்ததை அந்த இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துச் சுற்றினால் தோசை மாதிரி தட்டையாகி, வரிவரியாக அச்சு விழுந்து வெளியே வரும். அதைப் புகைவீட்டில் தொங்கவிட்டுக் காயவைத்தால் ரப்பர் சீட்டு. உருளை உடைந்த இடத்தில் மட்டும் வரி விழாது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு விழும். ஒவ்வொரு சீட்டிலும், அதே இடத்தில்.

தோட்டத்தில் இருந்த ஏழு குடும்பங்களும் முதலாளி பழனியப்பனிடம் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். "வர்ற மாசம் மாத்திடுவோம்" என்று அவர் நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கஞ்சத்தனத்துக்கு நான் நன்றி சொல்கிறேன். கேலியாகச் சொல்லவில்லை. உருளையை அவர் மாற்றியிருந்தால், வீரம்மாள் 1930ஆம் வருடக் கடைசியில் கப்பல் ஏறியிருப்பார். அவரைப் பற்றி எழுத இன்றைக்கு எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

வீரம்மாள் பதின்மூன்று வயதில் மலாயாவுக்கு வந்தவர். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் கடன் வாங்கி அப்பாவும் அம்மாவும் கப்பல் ஏறினார்கள், கூடவே இவர். முதலில் காஜாங்கைத் தாண்டி ஒரு பெரிய தோட்டம். அங்கே காய்ச்சலில் அப்பா போனார், அடுத்த வருடம் அம்மா போனார். நாகையா என்ற பால்வெட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். பிறந்த மூன்று பிள்ளைகளில் இரண்டு அதே காய்ச்சலுக்குப் பலி. ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க மனம் இல்லாத தோட்டக் கம்பெனி, அந்த வருடங்களிலெல்லாம் பங்குதாரர்களுக்கு நல்ல லாபம் பிரித்தது. மிஞ்சியவள் தனலெட்சுமி ஒருத்திதான். 1924இல் பெரிய தோட்டத்தை விட்டு, கிள்ளானில் வட்டிக்கடை வைத்திருந்த பழனியப்பனின் சின்னத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கடனைக் கட்ட முடியாத யாரோ ஒருவரிடமிருந்து பழனியப்பனுக்கு வந்த நிலம் அது.

வாழ்நாள் முழுக்க "ஏய்" என்றும் "இந்தா" என்றும் கூப்பிடப்பட்டவர் வீரம்மாள். அச்சிலாவது அவரை "அவர்" என்று எழுத எனக்குக் கிடைத்த வாய்ப்பை நான் விடப்போவதில்லை.

அந்தச் சின்னத் தோட்டத்தில் கூலி கிடையாது. பாதி வாரம். மரம் முதலாளியுடையது, கை இவர்களுடையது. சீட்டு விற்ற பணத்தில் சரிபாதி அவருக்கு, சரிபாதி வெட்டினவர்களுக்கு. கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. முதல் நான்கு வருடம் நியாயமாகத்தான் நடந்தது. சீட்டெல்லாம் கிள்ளானில் சியா தவுக்கே என்ற சீன வியாபாரியின் கடைக்குப் போகும். பணம் வரும், பிரியும்.

1928 கடைசியில் பழனியப்பனின் மைத்துனர் கண்ணப்பன் அதே தெருவில் ஒரு ரப்பர் கடை திறந்தார். பழனியப்பன் தோட்டத்துக்கு வந்து, எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, மரியாதையாகவே கேட்டார்.

"இனிமே சீட்டை என் மச்சினன் கடைக்கே போடலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று முதலில், எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் வீரம்மாள்தான்.

"இதுல என்னா முதலாளி கேக்க இருக்கு? சீனன் தராசை விட நம்ம ஆளு தராசு. உங்க வீட்டு மனுசன். உங்க காசை அவரு தின்பாரா? உங்க காசு போனா எங்க காசு போகும். உங்க காசு நின்னா எங்க காசும் நிக்கும்."

ஏழு குடும்பமும் தலையாட்டியது. முதலாளிக்கு யார் நஷ்டம் வைத்தாலும் மைத்துனன் வைக்க மாட்டான். முதலாளியின் பாதி பத்திரமாக இருந்தால் நம்முடைய பாதியும் பத்திரம். இதுதான் கணக்கு. மலாயா முழுக்க நம்மவர்கள் போடுகிற கணக்கு இது. உறவு, ரத்தம், நம்ம ஆளு, நம்ம ஊர். கங்காணியும் ஒரு காலத்தில் நம்ம ஊர்தான்.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று வீரம்மாளுக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது.

1930 பிறந்ததிலிருந்து ரப்பர் விலை விழுந்துகொண்டே வந்தது. அது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு விழுந்தது என்பது மட்டும் எழுதப் படிக்கத் தெரியாத ஏழு குடும்பங்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் பங்கு கொடுக்கும்போது கண்ணப்பன் கடையில் ராத்தலுக்கு ஒன்பது காசு என்று சொன்னார்கள். வீரம்மாளும் நாகையாவும் சேர்ந்து மாதத்துக்கு இருநூற்று நாற்பது ராத்தல் சீட்டு போடுவார்கள். நூறு காசு ஒரு வெள்ளி; பாதிப் பங்கு பத்து வெள்ளி எண்பது காசு. பதினான்கு வெள்ளிக்குக் குறைந்தால் அரிசிக் கடையில் கடன் சொல்ல வேண்டும். கடன் ஏற்கெனவே மூன்று மாதமாக ஏறியிருந்தது.

அதே நேரத்தில் பெரிய தோட்டங்கள் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தன. லேபர் ஆபீசில் பெயர் கொடுத்தால் அரசாங்கமே டிக்கெட் எடுத்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடும். இருபத்தைந்து வருடம் பிழிந்த சக்கையைத் தூக்கிப் போட அரசாங்கத்துக்கு என்ன தாராளம்! பக்கத்து வீட்டு வேலாயுதம் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நாகையாவும் கொடுக்க வேண்டும் என்றார்.

"மாசக் கடைசிக்குள்ள பேரு குடுக்கணும். இங்க கெடந்து கடங்காரனாச் சாவணுமா? ஊருக்குப் போயிடலாம் புள்ள."

"எந்த ஊருக்குய்யா?" என்றார் வீரம்மாள். "உங்க ஊர்ல உனக்குக் காணி இருக்கா? எங்க ஊர்ல எங்களைக் கிணத்துல தண்ணி எடுக்க விட மாட்டாங்க. பதிமூணு வயசு வரைக்கும் அடுத்தவன் ஊத்துனாத்தான் எனக்குத் தண்ணி. இங்க குழாய நானே தொறக்கறேன். நான் வரல."

"வராம? எதைத் தின்ப? பத்து வெள்ளி எண்பது காசையா?"

தனலெட்சுமிக்கு அப்போது பதினான்கு வயது. தண்ணீருக்குக் கை ஏந்தி நிற்கிற தெருவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதா, இங்கேயே பட்டினி போடுவதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பத்து வெள்ளி எண்பது காசுதான் வந்து நின்றது. கடைசியில் நாகையா, போகிறோமோ இல்லையோ சாமான் வைக்க ஒரு தகரப்பெட்டி என்ன விலை என்றாவது கேட்டுக்கொண்டு வா என்று அவரைக் கிள்ளானுக்கு அனுப்பினார். வீரம்மாள் போனார்.

பெட்டி விற்கிற கடையில் ஒன்றே கால் வெள்ளி சொன்னார்கள். பேரம் பேசாமல் திரும்பி நடந்தார். சியா தவுக்கே கடை வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. இரண்டு பேர் ரப்பர் சீட்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டின் கயிறு நழுவி, மேல் சீட்டு மடங்கித் தொங்கியது.

வரிவரியான அச்சுக்கு நடுவே ஒரு தழும்பு. கட்டைவிரல் நகம் அளவு.

வீரம்மாள் கிட்டே போனார். அடுத்த கட்டைப் பார்த்தார். அதிலும் இருந்தது. தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. போன வாரம் அவரே சுற்றி எடுத்த சீட்டு. அன்று காலைதான் கண்ணப்பன் கடையில் ஒன்பது காசுக்குப் போட்டது.

வண்டியோடு வந்தவர் கன்னையா. கண்ணப்பன் கடையில் தராசு பிடிப்பவர். தோட்டத்துச் சீட்டையெல்லாம் ஒன்றரை வருடமாக எடை போட்டவர் அவர்தான். வீரம்மாளைப் பார்த்ததும் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரியாகத்தான் இருந்தது கயிறு.

வீரம்மாள் கடைக்காரரிடம் போய்த் தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், கேட்டார்.

"தவுக்கே, இனி கெத்தா, பெராப்பா?" இந்த ரப்பர் என்ன விலை என்று.

தவுக்கே தலையைத் தூக்காமலே சொன்னார். "அம்பாட் பெலாஸ் சென்."

பதினான்கு காசு. மலாயில் எண் சொன்னால் புரியும் வீரம்மாளுக்கு. சந்தையில் மீன் வாங்கிப் பழகியவர். இருந்தாலும் விரலைக் காட்டி இன்னொரு தரம் கேட்டார். தவுக்கே இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். யாருக்கும் ஒளிக்க வேண்டிய சங்கதி இல்லையே என்கிற மாதிரி, வாசல் தூணில் மாட்டியிருந்த கரும்பலகையைக் கையால் தட்டிக் காட்டினார். அன்றைய விலை சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது. தினமும் காலையில் எழுதுவாராம்.

இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒன்றரை வருடமாக உண்மை ஒரு தெருத் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணப்பன் கடையிலிருந்து இருநூறு அடி. அதைக் கடந்து ஏழு குடும்பமும் அரிசி வாங்கப் போயிருக்கிறது, உப்பு மீன் வாங்கப் போயிருக்கிறது. இரண்டு இலக்க எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுக்காத உலகத்துக்கும் இந்தத் திருட்டில் பங்கு இல்லையா?

வீரம்மாள் வண்டிப் பக்கம் வந்தார். கன்னையா மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, என்னை ஒண்ணும் கேக்காதீங்க. மூணு புள்ளைங்க இருக்கு எனக்கு."

"உன்னை நான் கேக்கலியே கன்னையா. சீட்டைத்தான் கேட்டேன். அது சொல்லிருச்சு."

தோட்டத்துக்குத் திரும்பி வந்து சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. "சொந்த மச்சினன் மாமனை ஏமாத்துறானா? முதலாளிகிட்டப் போய்ச் சொல்லுவோம், பாவம்" என்றார் வேலாயுதம்.

வீரம்மாள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். பால் பிடிக்கிற மங்குகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். பதினான்கு மங்கு. ஒரு மங்கு ஒரு காசு.

"முதலாளியை யாரும் ஏமாத்தல அண்ணே. பாருங்க. சீனன் குடுக்கறது பதினாலு. நம்மகிட்ட ஒம்பதுன்னு சொல்றாங்க. நடுவுல இந்த அஞ்சு எங்க போகுது? மச்சினன் கடைக்கு. மச்சினனுக்குக் கடை வைக்க ஏது பணம்? கடை தொறக்கற வரைக்கும் அந்த ஆளு முதலாளி கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாரு. முதலாளிக்கு ரெண்டு சட்டைப்பை. இந்தப் பையில நட்டம், அந்தப் பையில லாபம். நமக்கு ஒரே பைதான். அதுல நட்டம் மட்டும்தான் வரும்."

பிறகு அந்த ஐந்து மங்கில் பாதியை ஒதுக்கினார். இரண்டரை. இருநூற்று நாற்பது ராத்தலுக்கு அது ஆறு வெள்ளி.

"பத்து எண்பதும் ஆறும் பதினாறு எண்பது. கப்பலுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல நிக்கறது இந்த ஆறு வெள்ளிதான்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "அன்னைக்கு நாந்தான் சத்தமாச் சரின்னேன். அதனால நாந்தான் முதல்ல போய்க் கேக்கணும்."

நாகையா மங்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி என்ன விலை என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் லேபர் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சட்டம் கூலிக்குத்தான். நீங்க கூலி இல்லியே. முதலாளிக்குப் பங்காளி." உழைக்கும்போது கூலி, கேட்க வரும்போது பங்காளி! வீரம்மாள் வெளியே வந்து, "பங்காளின்னா நல்லதாப் போச்சு. பங்காளி மாதிரியே போய்க் கேப்போம்" என்றார்.

செப்டம்பர் மூன்றாம் தேதி காலை பங்கு கொடுக்கிற நாள். ஏழு குடும்பத்துப் பெரியவர்களும் வட்டிக்கடைக்குப் போனார்கள். பழனியப்பன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணப்பன். தராசுப் புத்தகத்தோடு கன்னையா சுவரோரம் நின்றிருந்தார். வழக்கம்போலக் கடையில் பணம் போட்டு வைத்திருக்கிற மூன்று நான்கு பேர் வட்டி வாங்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கார்த்திகேசு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து காலை வண்டியில் வந்த யாழ்ப்பாணத்துக் கிராணி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். சேர்த்த பணம் எண்ணூறு வெள்ளி அந்தக் கடையில் இருந்தது.

"ராத்தல் ஒம்பது காசு" என்று கண்ணப்பன் ஆரம்பித்தார்.

"முதலாளி, இந்த மாசம் எங்களுக்குப் பணம் வேணாம்" என்றார் வீரம்மாள்.

பழனியப்பன் சிரித்தார். "என்னா, வீரம்மாளுக்குப் பணம் கசக்குதா?"

"இனிமே சீட்டாப் பிரிச்சுக் குடுத்துருங்க. நூறு சீட்டு போட்டா அம்பது உங்களுக்கு, அம்பது எங்களுக்கு. உங்க அம்பதை மச்சினனுக்குக் குடுங்க. ஓசியாக்கூடக் குடுங்க, அது உங்க வீட்டுச் சம்பந்தம். எங்க அம்பதை நாங்க வித்துக்கறோம்."

"உன்கிட்ட எவன் வாங்குவான்? திருட்டு ரப்பர்னு போலீஸ்ல புடிச்சுக் குடுப்பான்."

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். சியா தவுக்கே வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு. பதினாலு காசுக்கு."

பதினான்கு என்ற எண் விழுந்ததும் கண்ணப்பன் எழுந்தார்.

"எவன் சொன்னான் பதினாலுன்னு? நானே பத்துக்குத்தான் குடுக்கறேன். ஒரு காசு வண்டிக் கூலி. அதுகூட எனக்கு நிக்கறதில்ல."

"நீங்க குடுத்த சீட்டை நான் தொட்டுப் பாத்தேன் முதலாளி. எங்க மெஷினு தழும்பு அதுல இருந்துச்சு."

"தழும்பு! நாட்டுல ஒரே ஒரு உடைஞ்ச மெஷினா இருக்கு? இங்க பாரு, நீ திருடின சீட்டைத்தான் அங்க கொண்டு போயிருக்கே. இப்பவே ஆளை விட்டு..."

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"பதினாலுதான்."

கன்னையா தராசுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"நாந்தான் காலையில நம்ம ரப்பர் கடையில நிறுத்தேன். நாந்தான் மத்தியானம் தவுக்கே கடையில நிறுத்தேன். ஒரே சீட்டு. இங்க ஒம்பது, அங்க பதினாலு. அந்தக் கடைக்கு முதலும் பெரிய முதலாளி பணந்தான். ரெண்டு கடைக்கும் ஒரே கணக்கப்பிள்ளை. அக்கா எதையும் திருடல."

"நீ இன்னையோட வீட்டுக்குப் போடா" என்றார் கண்ணப்பன்.

"போறேன் முதலாளி" என்று சொன்ன கன்னையா, புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

பழனியப்பன் கெட்டிக்காரர். வீரம்மாளைப் பார்த்து அமைதியாகவே பேசினார். "இந்தா பாரு. தோட்டம் என்னுது. எங்க விக்கறதுங்கறது என் இஷ்டம். பிடிக்கலைன்னா இறங்கிப் போயிடுங்க. இன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு எழுபது குடும்பம் வந்து நிக்கும்."

அது உண்மை. வேலை இழந்தவர்கள் கிள்ளான் தெருக்களில் அலைந்த காலம். ஏழு குடும்பமும் கப்பலுக்கு மிக அருகில் வந்துவிட்ட நிமிடம் அது. நாகையா வீரம்மாளின் முழங்கையைத் தொட்டார், போதும் வா என்கிற மாதிரி.

அப்போது கார்த்திகேசு குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, ஒரு நிமிசம். எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இந்த மனுசி சொல்லுறது என்னெண்டால், உங்களுக்கு ரெண்டு கடை. ஒண்டில நட்டம், மற்றதில லாபம். அப்ப என்ர எண்ணூறு வெள்ளி எந்தக் கடையில கிடக்குது? லாபம் வாற கடையிலயோ, நட்டம் வாற கடையிலயோ?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சம்பந்தம் உங்களுக்குள்ளதானே, அதைத்தான் கேக்கிறன். நாளைக்குக் கடை நொடிச்சுப் போச்சுது எண்டு இந்த மேசையைக் காட்டிப்போட்டு, காசெல்லாம் மச்சான்ர மேசையில இருந்தால் நான் ஆரிட்டப் போய் அழுறது? வட்டி வேண்டாம். முதலைத் தாங்கோ."

வட்டி வாங்க வந்திருந்த மற்றவர்களும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். வட்டிக்கடை நம்பிக்கையில் நிற்கிற வீடு. கூலிக்காரர் எழுபது பேர் போனால் எழுபது பேர் வருவார்கள். பணம் போட்டவர் ஒருவர் போனால் அடுத்தவர் வரமாட்டார். இருக்கிறவரும் பின்னாலேயே போவார். பழனியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீரம்மா, உள்ள வா. உள்ள உக்காந்து பேசுவோம்."

"உள்ள வேணாம் முதலாளி. எனக்கு இங்கயே காத்து நல்லா வருது."

பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. சீட்டைப் பிரித்துக் கொடுக்க பழனியப்பன் கடைசி வரை சம்மதிக்கவில்லை. மைத்துனர் கடையில் போடுவதை நிறுத்தவும் சம்மதிக்கவில்லை. மானப் பிரச்சனை என்றார். வீரம்மாள் ஒரு வழி சொன்னார். "நீங்க யாருக்கு வேணும்னாலும் போடுங்க. என்னா விலைக்கு வேணும்னாலும் போடுங்க. எங்க பாதியை மட்டும் அந்நியன் குடுக்கற விலையில கணக்குப் போடுங்க. உங்க மச்சினன் உங்களுக்குத்தான் மச்சினன். எங்களுக்கு அவரு கடைக்காரரு."

கார்த்திகேசு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதினார். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் போடும் நாளில், முதலாளிக்கு உறவோ பங்கோ இல்லாத இரண்டு கடைகளில் விலை கேட்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அந்த விலையில் வெட்டுகிறவர்களின் பாதி கணக்கிடப்படும். நிறுக்கும்போது அவர்களில் ஒருவர் உடன் இருப்பார். இந்தக் காரணத்துக்காக யாரையும் தோட்டத்தை விட்டு அனுப்பக்கூடாது. கீழே பழனியப்பன் கையெழுத்து. வீரம்மாளின் கைநாட்டு. சாட்சி: கார்த்திகேசு, கன்னையா.

கார்த்திகேசு இரக்கத்தில் எழுதவில்லை. தன் எண்ணூறு வெள்ளிக்காகத்தான் எழுதினார். பழனியப்பன் கணக்கில் கையெழுத்துப் போட்ட ஒழுங்கு ஒன்றாவது இருந்தால் தன் பணத்துக்கும் நல்லது என்று நினைத்திருப்பார். எதற்காக எழுதினால் என்ன? ஏழு குடும்பம் அவரை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. பழைய ஒன்றரை வருடத்துக்கு மட்டும் ஒரு காசு வரவில்லை. குறைத்துப் போட்டாலும் ஏழு குடும்பத்துக்கும் சேர்த்து எழுநூறு வெள்ளி. "பழசைப் பேசுனா புதுசும் போயிடும்னு விட்டுட்டேன்" என்றார் வீரம்மாள். அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. அதனால்தான் தொகையை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரிய கம்பெனிகளின் கதையும் இதுதானே? இங்கே தோட்டம் ஒரு பெயரில், அங்கே வாங்குகிற கம்பெனி இன்னொரு பெயரில், இரண்டுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். தனக்குத்தானே விற்கிறவன் சொல்லுகிற விலையை விலை என்று ஒப்புக்கொள்ளாதே என்று ஒரு சட்டம் வேண்டும். படித்தவர்கள் அதை எப்போது எழுதுவார்களோ தெரியாது. கைநாட்டு வைக்கிற ஒரு பெண் கிள்ளானில் எழுத வைத்துவிட்டார்.

அன்று மாலை வேலாயுதம் லேபர் ஆபீசில் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். வந்த கையோடு, கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். அந்தக் கோயில் கண்ணப்பன் கடை இருக்கிற அதே தெருவில்தான்.

"சாமிக்கு எதுக்கு அண்ணே?" என்றார் வீரம்மாள். "ஒன்றரை வருசமா அந்தத் தெருவுலதானே சாமி இருந்துச்சு. பலகையையும் பாத்துச்சு, வண்டியையும் பாத்துச்சு. ஒரு வார்த்தை சொல்லிச்சா? சொன்னவன் வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியல. தேங்காயைக் கன்னையா வீட்டுக்குக் கொண்டு போங்க. கொழம்புக்காவது ஆகும்."

தேங்காய் கன்னையா வீட்டுக்குப் போனது. கூடவே அரிசியும் போனது. புதிதாகக் கிடைத்த ஆறு வெள்ளியில் குடும்பத்துக்கு ஒரு வெள்ளி, மாதம் ஏழு வெள்ளி, கன்னையாவுக்குத் துறைமுகக் கிட்டங்கியில் வேலை கிடைக்கும் வரை எட்டு மாதம் போய்க்கொண்டிருந்தது. விலை இன்னும் விழுந்து, ஆறு வெள்ளி மூன்றான மாதங்களிலும் அந்த ஒரு வெள்ளி நிற்கவில்லை. கன்னையா ஒவ்வொரு மாதமும் வேண்டாம் என்றார். "நாங்க தர்மம் போடல. அது உன் பங்கு" என்பார் வீரம்மாள். பதிலுக்குக் கன்னையா அவருக்குத் தராசுக் கோலில் புள்ளி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். சுண்ணாம்புக்கட்டியால் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிக் காட்டினார். முப்பத்தெட்டு வயதில் வீரம்மாள் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு சியா தவுக்கே கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று, பலகையை வாய்விட்டுப் படிப்பார். ரப்பர் விற்க வராத நாளிலும் படிப்பார். தவுக்கே சில நாள் வேண்டுமென்றே பலகையை அவர் பக்கமாகத் திருப்பி வைப்பாராம்.

1934இல் விலை மறுபடி ஏறியபோது பழனியப்பனுக்கு மனம் குளிர்ந்து, புது உருளையோடு ஒரு மெஷின் வாங்கித் தருகிறேன் என்றார்.

"இதுவே இருக்கட்டும் முதலாளி. பழகின மெஷினு."

"தழும்பு விழுது, தரம் கொறையுதுன்னு நீதானே வருசக்கணக்காப் பொலம்பின?"

"அப்ப எனக்கு அதோட அருமை தெரியல."

போன வருடம் தனலெட்சுமிக்குச் செராஸ் பக்கத்து மாப்பிள்ளையோடு கல்யாணம். தாலி இல்லாமல், ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, கன்னையா தலைமையில். சாமான் வைத்து அனுப்ப ஒரு தகரப்பெட்டி வேண்டியிருந்தது. வீரம்மாள் அன்றைக்குப் பெட்டி விலை கேட்ட அதே கடைக்குப் போனார். நானும் கூட இருந்தேன். கார்த்திகேசு எழுதின தாளை ஒரு துணியில் சுற்றி, முதல் சாமானாக அடியில் வைக்கக் கையோடு கொண்டு வந்திருந்தார். "அவ போற எடத்துலயும் மச்சான் மாமன்னு எவனாவது வெலை சொல்லுவான். எடுத்துக் காட்டட்டும்."

கடைக்காரர் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தபடி கேட்டார். "ஊருக்குப் போறீங்களா அக்கா?"

"ஆமா" என்றார் வீரம்மாள். "செராஸ் வரைக்கும்."